கிழக்கு நோக்கித் திறக்கும் பியோர்ட்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வடநோர்வே பற்றி வந்த ஒரு கேள்விக்கு, "மூன்று நாட்கள்தான் கையிலிருந்தால் அங்கு போக வேண்டாம், பத்து நாட்கள் இருந்தால் ஓர் ஊரில் போய்த் தங்குங்கள்" என்று இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அவ்வளவு சுருக்கமாக எழுதியது என் பிழை என்பதை அதன் பின்னர் வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்தின. எனவே இம்மாதம் இப்பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் தாய்மாமன் 1988 முதல் ஆறு ஆண்டுகள் பின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் வேலை செய்தவர். அந்த ஊரின் அழகைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. கை விறைத்ததைப் பற்றித்தான் பேசுவார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் எனக்குப் பன்னிரண்டு நாள் விடுமுறை இருக்கிறது. பின்மார்க்கில் எதைப் பார்ப்பது?
*ஒரு வாசகி, வெள்ளவத்தை*

பின்மார்க் என்பது நோர்வேயின் வடகிழக்கு மூலை. பரப்பளவு ஏறத்தாழ 48,600 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் நான்கில் மூன்று பங்கு. அங்கு வாழ்வோர் சுமார் 75,000 பேர். கொழும்பு மாநகரத்தில் வாழ்வோரில் ஏழில் ஒரு பங்கினர்கூட அந்தப் பெரும் பரப்பில் இல்லை. 1980களில் நம்மவர் பலர் அங்குள்ள மீன்பிடிக் கிராமங்களுக்குச் சென்று, மீனைத் துண்டம் போடும் ஆலைகளில் நின்று வேலை செய்தார்கள். பிற்காலத்தில் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கும் தெற்கிலுள்ள பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டனர். நோர்வேக்கும் நமக்கும் மீன்வழி உறவு அதற்கு முந்தியது. 1956 இல் அங்கு சென்ற அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் உருவான சீநோர் நிறுவனத்தை வடபகுதி வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பன்னிரண்டு நாட்களில் போக்குவரத்துக்கு நான்கு நாட்கள் கழிந்துவிடும். எஞ்சிய எட்டு நாட்களையும் வராங்கர் குடாநாட்டில் செலவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒஸ்லோவிலிருந்து கிர்க்கெனெஸ் நகருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து, நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடற்கிளையான வராங்கர் பியோர்ட்டின் கரையைச் சுற்றி வாட்சோ நகருக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர், அதற்கப்பால் வார்டோவுக்கு இன்னும் 75 கிலோமீற்றர் வீதிப் பயணம். மரங்கள் குறுகிக் குறுகிப் புதராகி, பின் அதுவும் இல்லாமற்போய், பாசியும் கல்லும் மட்டும் எஞ்சுவதை இந்த வழியிலேயே பார்த்துவிடலாம்.

வார்டோ சுமார் 2,000 பேர் வாழும் தீவு நகரம். இஸ்தான்புல் நகரைவிடவும் கிழக்கே இருக்கிறது என்றால் பலர் நம்ப மறுப்பார்கள். உலகப்படத்தை எடுத்துப் பாருங்கள். 1982 இல் திறக்கப்பட்ட, கடலுக்கடியிற் செல்லும் சுரங்கப்பாதை வழியாகத்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். நோர்வே கடலடியில் அமைத்த முதல் வீதிச் சுரங்கம் இதுவே. கரையோரத்தில் ஸ்டெயில்னெஸ் நினைவிடம் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு பின்மார்க்கில் கொல்லப்பட்ட 91 பேருக்காகக் கட்டிடக்கலைஞர் பீற்றர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷுவாவும் உருவாக்கிய இவ்விடம் 2011 இல் திறக்கப்பட்டது. துணியால் போர்த்திய, நீண்ட, ஒடுங்கிய, இருண்ட நடைவழி; ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சாளரம், ஒரு விளக்கு. நான் அங்கு சென்ற அன்று காற்றில் அந்தத் துணிக்கூடாரம் முழுவதும் பாய்மரம்போலப் படபடத்துக்கொண்டிருந்தது. வேறெவரும் உள்ளே இல்லை.

வார்டோவிலிருந்து வடக்கே ஹமிங்பெர்க் வரை ஒரே தடம் கொண்ட ஒடுங்கிய வீதி ஒன்று பாறைகளுக்கிடையே வளைந்து செல்கிறது. 1944 இல் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் பின்மார்க்கை ஊர் ஊராகக் கொளுத்திச் சென்றபோது பெரிதும் தப்பிய சில கிராமங்களுள் அதுவும் ஒன்று. நீங்கள் பார்க்கப்போகும் பிற ஊர்களில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுவதற்கு, அவை போருக்குப் பின் அவசரமாகக் கட்டப்பட்டவை என்பதே காரணம். உங்கள் மாமா அழகைப் பற்றிப் பேசாததில் வியப்பில்லை. முதற் பார்வையில் இவை அழகற்ற ஊர்கள்தாம். மூன்றாம் நாளில்தான் கண் பழகும்.

பியோர்ட் என்று எழுதுகிறீர்களே, அது எங்கள் மட்டக்களப்பு வாவி போன்றதா?
*ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை*

கடல்நீர் நிலத்துக்குள் நீண்டு நுழைந்திருப்பது மட்டுமே ஒற்றுமை. பிறப்பில் இரண்டும் முற்றிலும் வேறு. நம் களப்புகள் மணற்திட்டு கடலை மறித்ததால் உண்டானவை. பல இடங்களில் ஆள் இறங்கி நின்று வலை வீசலாம். பியோர்ட் என்பது, வடபகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்த பனியூழிக் காலத்தில் மலையிலிருந்து இறங்கிய பனிக்கட்டியாறு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் எடையாலும் தன்னுள் சிக்கிய கற்களாலும் பாறையைச் சுரண்டிச் சுரண்டித் தோண்டிய பள்ளத்தாக்கு. பனி உருகிப் பின்வாங்கியபோது கடல் உள்ளே புகுந்தது. நோர்வேயின் மிக நீளமான சொக்னெ பியோர்ட் 204 கிலோமீற்றர் நீளமும், அதன் மிக ஆழமான இடத்தில் 1,308 மீற்றர் ஆழமும் கொண்டது. வாய்ப்பகுதியில் பனிக்கட்டியாறு தன் பலத்தை இழந்து ஓய்ந்துவிடுவதால் அங்கு பெரும்பாலும் ஆழம் குறைந்து, ஒரு வாசற்படிபோல மேடு இருக்கும். ஆகவே, உள்ளே போகப் போக ஆழம் கூடுவதுண்டு. களப்பில் வளர்ந்த உங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். (திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலும் கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது; எனினும் அதைப் பனி செதுக்கவில்லை.)

இங்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அஞ்சலட்டைகளில் காணும் செங்குத்துப் பாறைச் சுவர்கள் மேற்கு நோர்வேக்குரியவை. பின்மார்க்கின் பியோர்ட்கள் அகன்று, தாழ்ந்த மேட்டுநிலங்களுக்கிடையே பரந்து கிடப்பவை. 120 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள பொர்சாங்கர் பியோர்ட்டின் ஒரு கரையில் நின்றால், மறுகரை மேகக்கோடுபோலத்தான் தெரியும். வராங்கரோ கிழக்கு நோக்கித் திறப்பது. அதைக் கண்டிப்பான பொருளில் பியோர்ட் என்று கொள்ளாத புவியியலாளரும் உண்டு. ஆனால் பனியின் கதை அங்கு மிகப் பழையது. பியோர்ட்டின் உட்கோடியிலுள்ள பிகாஞ்யார்கா என்னும் இடத்தில், 1891 இல் புவியியலாளர் ஹான்ஸ் றொய்ஷ் விவரித்த ஒரு பாறை இருக்கிறது. கடந்த பனியூழிக்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே இன்னொரு பனியூழி விட்டுச்சென்ற கற்குவியல், இறுகிப் பாறையாகிக் கிடக்கிறது. உயரம் அதிகமில்லாத அந்தப் பாறையைப் பார்க்க வழியில் இறங்குவோர் சிலரே, நீங்கள் இறங்குங்கள்.

பனிக்கரடியைப் பார்க்க முடியுமா?
*ஒரு மாணவர், பம்பலப்பிட்டி*

முடியாது. பனிக்கரடி வாழ்வது நோர்வேயின் பெருநிலத்துக்கு வடக்கே, நடுக்கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில். அங்கும் 2025 தொடக்கம் கரடியிலிருந்து குறைந்தது 300 மீற்றர், மார்ச் முதல் ஜூன் இறுதி வரை 500 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டுமென்பது சட்டம். பின்மார்க்கின் தென்கிழக்கில் பாஸ்விக் காட்டில் பழுப்புக் கரடிகள் உண்டு. அவற்றையும் கண்டேன் என்று சொல்லிவிட்டு வரும் பயணிகள் குறைவு.

ஒவ்வொரு தை மாதமும் மன்னாருக்குப் பறவை பார்க்கச் செல்பவன் நான். வராங்கரில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது?
*ஒரு வாசகர், தெஹிவளை*

புதியவையும் உண்டு, ஏற்கனவே அறிமுகமானவையும் உண்டு. அறிமுகமானவற்றைப் பற்றி முதலில் சொல்கிறேன். மன்னார், புந்தல உப்பளங்களில் குளிர்காலத்தில் நீங்கள் காணும் கரையோரப் பறவைகளிற் சில இனங்கள் இனப்பெருக்கத்துக்குச் செல்வது இத்தகைய வடதுருவச் சமவெளிகளுக்கே. கொசு உள்ளான் அவற்றுள் ஒன்று. செங்கழுத்து பலரோப் இன்னொன்று. ஸ்கண்டிநேவியாவில் கூடுகட்டும் பலரோப்கள் குளிர்காலத்தை அரபிக்கடலின் நடுவே கழிக்கின்றன. இவ்வினத்தின் சில பறவைகள் இலங்கையின் உப்பளங்களிலும் வந்து இறங்குவதுண்டு. வாட்சோ நகரத்துக்கு எதிரேயுள்ள சிறு தீவில் ஒரு குட்டை இருக்கிறது. ஜூன் மாதத்தில் அதன் விளிம்பில் அமர்ந்தால், ஒரு சில முழ தூரத்தில் பலரோப்கள் பம்பரம்போலச் சுழன்று, நீரடியிலுள்ள சிற்றுயிர்களை மேலெழச் செய்து கொத்தித் தின்பதைக் காணலாம். நிறம் மிகுந்து பகட்டாக இருப்பது பெண். முட்டையிட்டதும் அது விலகிவிட, அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது ஆண். நம் உப்பளங்களில் அது குளிர்காலத்துச் சாம்பல் உடையிலேயே வருவதால், அந்தச் சிவந்த கழுத்தை அங்குதான் முதன்முறையாகப் பார்ப்பீர்கள். அதே குட்டையருகே ஓர் இரும்புக் கோபுரம் நிற்கும். 1926 இல் துருவப் பயணி அமுண்ட்செனின் 'நோர்கே' வான்கப்பல் வடதுருவத்துக்குப் போகும் வழியில் கட்டப்பட்டு நின்ற கம்பம் அது.

புதியவை என்றால், வார்டோவிலிருந்து படகில் பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய ஹோர்னோயா தீவு. மார்ச் முதல் ஜூலை வரை அதன் பாறைச்சரிவு முழுவதும் கடற்பறவைகள் நெருங்கி நிற்கும். பஃபின், இரண்டு வகைக் கில்லெமொட், ரேசர்பில், கிற்றிவேக் என்னும் சிறு கடற்காகம் ஆகியவை ஒவ்வொன்றும் தனக்குரிய தட்டில் குடியிருக்கும். பஃபின் புல்தரையில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டையிடும். கில்லெமொட் கூடு கட்டுவதேயில்லை; வெறும் பாறை விளிம்பிலேயே முட்டையிடுகிறது. அதன் குஞ்சு மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாத பருவத்திலேயே, கீழே கடலிலிருந்து அழைக்கும் தந்தையின் குரலை நம்பிப் பாறையிலிருந்து குதிக்கும். ஓசையையும் நாற்றத்தையும் எழுத்தில் சொல்ல இயலாது. பழைய மேற்சட்டை ஒன்றை அணிந்து செல்லுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிற்றிவேக் பற்றி மட்டும் மனத்தில் ஒரு கனம் இருக்கிறது. நோர்வேயில் அதன் தொகை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் பரவி, கிழக்குப் பின்மார்க் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானவை மாண்டன. இறந்து கிடக்கும் எந்தப் பறவையையும் தொடாதீர்கள். வாட்சோவுக்குக் கிழக்கேயுள்ள எக்கெரோய் பாறையிலும் அவை கூடு கட்டுகின்றன. சில ஊர்களில் கடைகளின் சாளர விளிம்புகளிலும் கட்டும். ஊரவருள் சிலர் அவற்றைச் சபிக்கிறார்கள், சிலர் வெளியே பலகை அடித்துக் கொடுக்கிறார்கள்.

நான் முகத்துவாரத்தில் மூன்று தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அங்கு என்ன மீன், எப்படிப் பிடிக்கிறார்கள், எல்லைப் பிரச்சினை உண்டா?
*ஒரு வாசகர், முகத்துவாரம்*

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். அந்தக் கரையின் உயிர்நாடி கொட் மீன். அங்குள்ள பேரென்ட்ஸ் கடல் வடதுருவ வட்டத்துக்கு மிக வடக்கே இருந்தும் நோர்வேயின் கரையோரம் உறைவதில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமே காரணம். வார்டோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஐந்து பாகையை ஒட்டியிருக்க, நிலத்தின் உட்புறத்திலுள்ள கராஷொக்கில் 1886 இன் முதல் நாளன்று உறைநிலைக்குக் கீழே 51.4 பாகை செல்சியஸ் பதிவாகியது. துறைமுகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால்தான் அங்கு மனிதர் வாழவே முடிகிறது.

பிடித்த கொட் மீனில் ஒரு பகுதியை மரச்சட்டங்களில் சோடி சோடியாக வால் கட்டித் தொங்கவிட்டு, உப்பே சேர்க்காமல், குளிர்காற்றில் உலர்த்துகிறார்கள். நாம் வெயிலையும் உப்பையும் கொண்டு செய்வதை அவர்கள் காற்றையும் குளிரையும் கொண்டு செய்கிறார்கள். மாசியைப்போல விறகாய் இறுகும் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. தலைகளையும் வீணாக்குவதில்லை. கொட் மீனின் நாக்கை அறுத்தெடுத்து விற்பது அங்கு சிறுவர்களுக்கென்றே விடப்பட்ட தொழில்; பள்ளி முடிந்ததும் கத்தியோடு துறைமுகத்துக்கு வந்துவிடுவார்கள்.

அரச நண்டு வேறு கதை. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து பேரென்ட்ஸ் கடலில் விட்டது, மெல்ல மேற்கே நகர்ந்து நோர்வேக்குள் வந்தது. கால்களை விரித்தால் ஒன்றரை மீற்றருக்கும் மேல் வரும். முதலில் வலையைக் கிழித்துத் தொல்லை தந்த அது, பின்னர் பெரும் வருமானம் தரும் ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. இப்போது அரசு ஒரு விநோதமான ஏற்பாட்டை வைத்திருக்கிறது: 26 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குக் கிழக்கே ஒதுக்கீட்டு அளவின்படியே பிடிக்கலாம்; அதற்கு மேற்கே, அது பரவிவிடக் கூடாதென்பதற்காக, எவ்வளவும் பிடிக்கலாம். ஒரே நண்டு கோட்டுக்கு இப்பால் செல்வம், அப்பால் பீடை.

எல்லைப் பிரச்சினை இருந்தது. நோர்வேயும் ரஷ்யாவும் ஏறத்தாழ 175,000 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பேசி, 2010 இல்தான் உடன்படிக்கை செய்தன. ஆனால் எல்லைக்கோடு முடிவாகும் வரை மீனைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியிலேயே, பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கூட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்து, ஆண்டுதோறும் எவ்வளவு கொட் பிடிக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பாக்கு நீரிணையில் வலை அறுபட்ட உறவினர் உங்களுக்கும் இருக்கக்கூடும். மேலே நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆற்று மீனின் நிலை இவ்வளவு நன்றாக இல்லை. புகழ்பெற்ற தானா ஆற்றில் சல்மன் தொகை விழுந்துவிட்டதால் 2021 முதல் அதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. எனவே தூண்டிலை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

நாங்கள் ஓய்வுபெற்ற தம்பதியர். கப்பலிலேயே போய் நோர்த் கேப் முனையைப் பார்த்துவரலாம் என்று நினைக்கிறோம். சரியா?
*ஒரு வாசகர், கொள்ளுப்பிட்டி*

1893 இல் தொடங்கிய ஹூர்திகுருட்டன் கரையோரக் கப்பல் சேவை பேர்கன் முதல் கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்கிறது. போய்வரப் பன்னிரண்டு நாட்கள். 2021 முதல் ஹவிலா நிறுவனத்தின் கப்பல்களும் அந்த வழியில் ஓடுகின்றன. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. ஆனால் பின்மார்க்கின் சிறு துறைமுகங்களில் கப்பல் பொருள் இறக்கி ஏற்றும் நேரமே நிற்கும். நீங்கள் செருப்பை மாட்டுவதற்குள் சங்கு ஊதிவிடும். நோர்த் கேப் முனைக்குரிய ஹொன்னிங்ஸ்வோக்கில் மட்டும் சில மணிநேரம் தருகிறார்கள்.

ஐரோப்பாவின் வடகோடி என்று சொல்லப்படும் அந்த முனை 307 மீற்றர் உயரமான பாறை. 1553 இல் கிழக்கே கடல்வழி தேடிவந்த ஆங்கிலேயக் கடலோடிகள் அதற்குப் பெயரிட்டனர். 1907 இல் சியாம் மன்னர் சுலாலொங்கோன் அங்கு வந்து பாறையில் தம் பெயர்க்குறியைப் பொறிக்கச் செய்தார் என்பது ஆசியர் நமக்குச் சுவையான செய்தி. உண்மையில் அதற்கு மேற்கேயுள்ள க்னிவ்ஷெலொடன் என்னும் தாழ்ந்த பாறைநாக்கு இன்னும் சற்று வடக்கே நீள்கிறது. போய்வர 18 கிலோமீற்றர் நடக்க வேண்டும் என்பதால் பேருந்துகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் நோர்த் கேப்பில் நின்ற இரவில் மூடுபனி. நள்ளிரவுச் சூரியனுக்காக வந்த இருநூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கோப்பி குடித்தோம். வடக்கே போகக் கப்பலும், திரும்பி வரும் முன் வார்டோவில் மூன்று இரவும் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் பணம் வீணாகாது.

ஜூனில் குளிருமா? சைவ உணவு கிடைக்குமா? விசா எங்கே எடுப்பது?
*ஒரு வாசகி, வத்தளை*

வார்டோவில் ஜூலையின் சராசரி வெப்பநிலையே 10 பாகை செல்சியஸ் அளவில்தான். காற்றோடு சேர்ந்தால் நுவரெலியாவின் மார்கழி இரவு நினைவுக்கு வரும். சைவ உணவகத்தைத் தேடாமல், சமையலறையுள்ள தங்குமிடம் எடுத்து நீங்களே சமையுங்கள். பருப்பும் மிளகாய்த்தூளும் கொண்டு போகலாம். இறைச்சியும் பால்பொருட்களும் கொண்டு செல்ல அனுமதி இல்லை. கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023 ஜூலை இறுதியில் மூடப்பட்டு, புதுடில்லித் தூதரகமே இலங்கையையும் கவனிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். விண்ணப்ப நடைமுறையை நோர்வே குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் மட்டும் பாருங்கள். ஸ்வால்பார்ட் செங்கன் எல்லைக்கு வெளியே உள்ளதால், அங்கும் போக எண்ணுவோர் இருமுறை நுழையும் விசா பெற வேண்டும்.

அங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களின் பனிமான்களைப் பார்க்கலாமா? படம் எடுக்க அனுமதி உண்டா?
*ஒரு வாசகர், மருதானை*

வீதியிலேயே பார்ப்பீர்கள், வாகனத்தை மெதுவாக ஓட்டுங்கள். அவை காட்டு விலங்குகள் அல்ல. ஒவ்வொன்றின் காதிலும் உரிமையாளரின் வெட்டுக்குறி இருக்கும். குளிர்காலத்தை உள்நாட்டு மேட்டுநிலத்தில் கழித்து, கோடையில் கடற்கரைக்கு இறங்கும் இந்த மந்தைகளோடு சாமிக் குடும்பங்களும் நகர்ந்து வந்திருக்கின்றன. 1989 இல் திறக்கப்பட்ட சாமி நாடாளுமன்றம் கராஷொக்கில் இருக்கிறது. மனிதரைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். "உங்களிடம் எத்தனை பனிமான் உண்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது ஒருவரின் வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்வதற்குச் சமம். மேய்ச்சல் நிலத்தில் நாம் நடக்கத் தடையில்லை. 1957 இன் சட்டப்படி திறந்தவெளியில் எவரும் நடக்கலாம், வீடுகளிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரமும் அடிக்கலாம். கன்று ஈனும் மே மாதத்தில் மந்தையை நெருங்காதிருப்பது மரியாதை.

(வெள்ளவத்தை வாசகியின் பின்குறிப்பு) மாமாவையும் அழைத்துப் போகலாமா? அவருக்கு இப்போது 66 வயது. வர விருப்பமா என்று கேட்டால் சிரிக்கிறார்.

அழைத்துப் போங்கள். முதலில் அவர் இருந்த ஊரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்சோவில் இருந்தவரா, போட்ஸ்பியோர்டில் இருந்தவரா என்பதைப் பொறுத்துப் பயணவழி மாறும். போட்ஸ்பியோர்டுக்கு மலைமேட்டைக் கடந்து வேறு வீதியிற் செல்ல வேண்டும். அக்காலத்து ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. சில கைமாறி இயங்குகின்றன. உள்ளே செல்ல விரும்பினால் ஊர் நகரசபைக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, யாரை அணுக வேண்டும் என்று கேளுங்கள். மாமாவின் நோர்வே மொழி இன்னும் எஞ்சியிருக்குமானால் அந்தக் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். கையுறை அவருக்கு இரண்டு சோடி எடுத்துச் செல்லுங்கள்.